அரசினர் மருத்துவ நிலையங்கட்கு மருந்து வரும் வழி

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்துள்ளார் என்பது நம் கல்லூரி மாணாக்கர் யாவரும் அறிந்ததே. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுத்துப் பேணுவோன் என்பன அந்நான்காம். இவற்றுள் மருத்துவனைப் பற்றியும் நோயாளியைப் பற்றியும் பேசுவோர் பலர். மருந்தானது எங்கிருந்து, எவர் கைவழியாக, எத்தனை சோதனைகளைக் கடந்து ஒரு சிற்றூர்ச் சுகாதார நிலையத்தின் அலமாரியை அடைகின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வழியைத் தமிழ்நாட்டு முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி வீண் அன்று. அரசினர் மருத்துவமனையை நாடி வருவோரிற் பெரும்பாலார் நாட்கூலியை நம்பி வாழ்பவர். மருத்துவர் நோயைச் செவ்வையாக அறிந்து சீட்டெழுதிய பின்னர், “இம்மருந்து இங்கு இல்லை, வெளியே வாங்கிக்கொள்க” என்று மருந்தாளுநர் சொல்வாராயின், அதுகாறும் நடந்த மருத்துவம் முழுவதும் பயனற்றதாகின்றது. வாங்க இயலாதவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர், சிலர் பத்து நாளுக்கு எழுதியதை மூன்று நாளுக்கு மட்டும் வாங்குவர், சிலர் கடன்படுவர். பணம் கொடுக்க இயலாமை காரணமாக எவரும் தக்க மருத்துவம் பெறாது போகலாகாது என்பதைச் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-ஆம் ஆண்டிலேயே தன் அறிக்கையின் முதற்கொள்கைகளுள் ஒன்றாக வைத்தது. அக்கொள்கை மெய்யாவதும் பொய்யாவதும் பெரும்பாலும் மருந்து அலமாரியின் முன்னேதான்.

பழைய முறை

முன்னாளில் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வித் துறை, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணித் துறை, பொதுச் சுகாதாரத் துறை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே மருந்து வாங்கி வந்தன. ஒரே மாத்திரையை ஒரே அரசின் மூன்று கைகள் மூன்று வெவ்வேறு விலைக்கு வாங்க இடமிருந்தது. எம்மருந்து எவ்வளவு தேவை என்பதற்குத் திட்டமான கணக்கு இல்லாமையால், ஓரிடத்தில் மருந்து காலாவதியாகிக் கிடக்க, அடுத்த ஊரில் அதே மருந்தின்றி மக்கள் அலைந்தனர். மாத்திரைகள் பெரிய டப்பாக்களில் உதிரியாக வந்து, ஈரமும் தூசியும் படிந்து கெடுவதும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, வாங்குவோரும் விற்போரும் நெருங்கிப் பழகும் இடங்கள் பலவாயிருந்தமையால் முறைகேட்டுக்கும் வாயில்கள் பலவாயின.

தரத்தைச் சோதியாது வாங்குவதன் விளைவு யாதென்பதை 1986-ஆம் ஆண்டு பம்பாய் நகரம் கண்டது. அந்நகரின் ஜே. ஜே. மருத்துவமனையில், டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்த கிளிசரின் மருந்தாகக் கொடுக்கப்பட்டு 14 நோயாளர் உயிரிழந்தனர். இதனை ஆராய்ந்த நீதிபதி லென்டின் விசாரணைக் குழு, கொள்முதல், உரிமம் வழங்கல், சோதனை என்னும் படிகள் ஒவ்வொன்றிலும் இருந்த தளர்ச்சியை வெளிப்படுத்தியது. ஒரு படியில் நேர்ந்த பிழையை அடுத்த படி தடுத்திருத்தல் வேண்டும்; ஆண்டு எப்படியும் தடுத்திலது. மருந்து வழங்கும் முறையை வகுப்போர் மறவாது மனத்திற் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.

இத்தகைய குறைகளை நீக்கும் பொருட்டுத் தமிழ்நாட்டு அரசு 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி, முற்றிலும் தன் உடைமையாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவியது. 1995 ஜனவரியில் அது பணி தொடங்கிற்று. எல்லாத் துறைகளுக்கும் வேண்டிய மருந்துகளை ஒருமுகமாக வாங்கி, சோதித்து, சேமித்து, வழங்குதல் அதன் கடமை. அது நடக்கும் முறையை ஐந்து வினாக்களாக வகுத்துக்கொள்ளின் எளிதில் விளங்கும்.

எவற்றை வாங்குவது?

கடைகளில் விற்கும் மருந்துப் பெயர்கள் பல்லாயிரம். ஆயினும் மக்களைப் பிணிக்கும் நோய்களிற் பெரும்பாலானவற்றைத் தீர்க்கச் சில நூறு மருந்துகளே போதும். 1975-ஆம் ஆண்டு ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு 117 மருந்துகளை இன்றியமையாதன எனக் குறித்தது. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் தன் முதல் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. இந்திய அரசு 2022-இல் வெளியிட்ட தேசியப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. இவ்வாறே மாநிலக் கழகமும் வல்லுநர் குழுவைக்கொண்டு தனக்கென ஒரு பட்டியலை வகுத்து, காலந்தோறும் திருத்தி வருகின்றது.

இப்பட்டியலில் மருந்துகள் வணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால் குறிக்கப்படும். பாரசிட்டமால் என்று எழுதினால் அதனைச் செய்யும் நிறுவனங்கள் பலவும் போட்டியிடலாம். ஒரு நிறுவனம் சூட்டிய பெயரை எழுதினால் அந்நிறுவனமே தனிக்காட்டு அரசாகும். பட்டியல் சுருங்கச் சுருங்க ஒவ்வொரு மருந்தின் அளவு பெருகும். அளவு பெருகப் பெருக விலை இறங்கும். கடைவிலையின் ஒரு சிறு பகுதிக்கே கழகம் பல மருந்துகளை வாங்க இயல்வதன் மறைபொருள் இதுவன்றி வேறில்லை.

எவ்வளவு வாங்குவது?

இவ்வினா எளிது போலத் தோன்றும்; உண்மையில் இதுவே யாவற்றினும் அரிது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீரிழிவு நோயாளர் 400 பேர் நாளொன்றுக்கு 2 மெட்பார்மின் மாத்திரை வீதம் உட்கொள்வதாகக் கொள்வோம். மாதத்துக்கு 24,000 மாத்திரை வேண்டும். கடந்த ஆண்டில் இரண்டு மாதம் அம்மாத்திரை இருப்பில் இல்லை எனின், பதிவேட்டில் அவ்வாண்டு வழங்கியது 2,40,000 என்றே இருக்கும். கணக்கர் இதனை 12-ஆல் வகுத்து, மாதத்தேவை 20,000 என்று எழுதுவாராயின், வரும் ஆண்டுக்கும் 2,40,000 மாத்திரையே வரும். வரும் ஆண்டும் இரண்டு மாதம் அலமாரி வெறுமையாகும். மருந்து இருந்த மாதங்கள் 10 மட்டுமே ஆதலின் 10-ஆல் வகுத்தலே முறை. சென்ற ஆண்டின் பற்றாக்குறை இவ்வாண்டின் பற்றாக்குறையைப் பெற்றெடுக்கும் விந்தை இவ்வாறு நிகழ்கின்றது. அதனைத் தடுக்க வல்லது ஒன்றே: “இம்மருந்து இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இல்லை” என்று பதிவேட்டில் ஒளியாது எழுதுதல்.

இனி, காலக் கணக்கு. மேற்சொன்னவாறு தேவையுள்ள நிலையங்கள் 50 கொண்ட ஒரு மாவட்டத்துக்கு மாதம் 12,00,000 மாத்திரை வேண்டும். ஆணை அனுப்பி, சரக்கு வந்து, சோதனை முடிந்து, வழங்கத் தக்கதாகும் வரை மூன்று மாதம் கழியும் எனக் கொண்டால், ஆணை அனுப்பும் நாளில் கிடங்கில் 36,00,000 மாத்திரை இருத்தல் வேண்டும். எதிர்பாராத தாமதத்துக்கென ஒரு மாத இருப்பையும் கூட்டினால் 48,00,000 ஆகும். இருப்பு இவ்வளவுக்கு இறங்கியவுடனே ஆணை பிறக்கவேண்டும். தீரும் தறுவாயில் எழுதும் ஆணை வெள்ளம் வந்தபின் போடும் அணையை ஒக்கும்.

எல்லா மருந்துகளையும் ஒரே கோலால் அளத்தலும் தவறு. விலையால் நோக்கினால், பட்டியலின் ஒரு சிறு பகுதியே செலவின் பெரும்பகுதியை விழுங்கும். அவற்றின் கணக்கை அடிக்கடி பார்த்தல் வேண்டும். உயிர்காக்கும் தன்மையால் நோக்கினாலோ வரிசை வேறாகும். பாம்புக்கடிக்குரிய விஷமுறிவு மருந்தை எண்ணுக. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான அம்மருந்தைச் செய்ய வேண்டும் நஞ்சினை, 1978-இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியிலிருந்து நெடுங்காலமாக அளித்து வருகின்றது. ஒரு சிற்றூர் நிலையத்தில் இம்மருந்து பல மாதம் பயன்படாதிருக்கலாம், காலாவதியும் ஆகலாம். அதனை வீண்செலவு என்று எண்ணுதல் பிழை. கள்வன் வாராத இரவுக்கும் காவலனுக்குக் கூலி கொடுக்கின்றோம் அன்றோ?

எவரிடம் வாங்குவது?

கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு உறைகள் அளித்தல் வேண்டும். முதல் உறையில் அந்நிறுவனத்தின் தகுதிச் சான்றுகள் இருக்கும்: உற்பத்தி உரிமம், நல்லுற்பத்தி முறைச் சான்று, அம்மருந்தைச் சில ஆண்டுகள் செய்து விற்ற அனுபவம், போதிய வாணிக அளவு முதலியன. இரண்டாம் உறையில் விலை இருக்கும். முதல் உறையை ஆராய்ந்து, வேண்டுமாயின் தொழிற்சாலையையும் நேரிற் கண்டு, தகுதியுடையோர் எனத் தெளிந்த பின்னரே அவர்தம் இரண்டாம் உறை பிரிக்கப்படும். தகுதியற்றோர் எவ்வளவு குறைந்த விலை குறித்திருப்பினும் அவ்வுறை திறவாமலே நின்றுவிடும். மலிவு என்னும் ஆசை தகுதியைப் பற்றிய தீர்ப்பை மயக்காதிருத்தற்கு இதனினும் எளிய வழி காண்டல் அரிது.

வென்ற நிறுவனம் குறித்த நாளுக்குள் சரக்கை அனுப்பவேண்டும். தவறின் தண்டத்தொகை பிடிக்கப்படும். அரசின் பக்கத்துக் கடமையும் ஒன்றுண்டு. சோதனையில் தேறிய சரக்குக்குக் காலந்தாழ்த்தாது பணம் கொடுத்தல் அது. பணம் எப்போது வரும் என்று அறியாத வணிகர் அத்தாமதத்துக்குரிய வட்டியையும் விலையிலே சேர்ப்பர், நல்லோர் விலகிக்கொள்வர். ஆகவே சொன்ன நாளில் பணம் கொடுப்பதும் நல்ல மருந்து பெறுவதற்கு ஒரு வழியாகும்.

நன்மருந்து என்று அறிவது எங்ஙனம்?

கழகம் வாங்கும் மாத்திரைகள் அட்டைகளில் அடைக்கப்பெற்று, தமிழ்நாட்டு அரசின் வழங்கல், விற்பனைக்கன்று என்னும் குறியோடு வரும். களவாக வெளியே சென்றால் அக்குறியே காட்டிக்கொடுக்கும். சரக்கு மாவட்டக் கிடங்குகளை அடைந்தவுடன் வழங்கப்படுவதில்லை. சோதனை முடியும்வரை தனியே நிறுத்திவைக்கப்படும். கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு தொகுதியின் மாதிரியும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்படும். அங்கே செய்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, ஒரு குறியெண் இட்டு, சோதனைச்சாலைக்கு விடுப்பர். எவருடைய மருந்தைத் தாம் சோதிக்கின்றோம் என்பது சோதிப்போர்க்குத் தெரியாது; தம் மருந்து எச்சோதனைச்சாலைக்குச் சென்றது என்பது செய்வோர்க்குத் தெரியாது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் விடைத்தாளின் பெயரை மறைத்து எண் இடுவது போன்றதே இதுவும்.

தேறாத தொகுதியை நிறுவனமே தன் செலவில் திரும்பப் பெறவேண்டும். பிழை பெரிதாயினும் பலகால் நேரினும் அந்நிறுவனம் கறுப்புப் பட்டியலில் ஏறும். இம்முறையின் சிறப்பு, தனி மனிதர் ஒருவரின் நேர்மையை மட்டும் நம்பி நில்லாமையே. பம்பாயில் தளர்ந்த படிகள் ஈண்டு ஒன்றையொன்று காவல் செய்யுமாறு அமைக்கப்பட்டுள்ளன.

எவர்க்கு எவ்வளவு வழங்குவது?

ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் அதன் நோயாளர் தொகைக்கு ஏற்ப ஆண்டுக்கு இவ்வளவு மதிப்புள்ள மருந்து என ஒதுக்கீடு செய்யப்பட்டு, அது ஒரு பாஸ் புத்தகத்தில் பதியப்படும். வங்கியிற் பணம் உள்ளவன் வேண்டும்போது எடுத்துக்கொள்வதுபோல, நிலையத்தார் மாவட்டக் கிடங்கிலிருந்து தமக்கு வேண்டிய மருந்தை வேண்டும் அளவு பெறுவர். பெற்றதன் மதிப்பு கணக்கிற் கழிக்கப்படும். பிற்காலத்தில் இக்கணக்கு கணிப்பொறி வழியாக நடைபெறலாயிற்று.

இதன் நுட்பம் நோக்கத்தக்கது. மேலிருந்து பங்கிட்டுத் தள்ளும் முறையில், மலைநாட்டு நிலையத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் ஒரே மூட்டை போகும். வேண்டாதது தேங்கும், வேண்டியது தீரும். பாஸ் புத்தக முறையிலோ தன் ஊரின் நோயை அறிந்தவரே தன் மருந்தைத் தேர்கின்றார். அன்றியும், ஒதுக்கீடு எழுத்தில் இருப்பதால் மிகச் சிறிய நிலையமும் தன் பங்கை இரந்து பெறாது உரிமையாகக் கேட்கலாம். கிடங்கில் இல்லாத மருந்து அவசரமாக வேண்டின் உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதி விடப்பட்டுள்ளது.

கிடங்கிலும் அலமாரியிலும் கைக்கொள்ளும் விதி ஒன்றுண்டு: முன்னே காலாவதியாவது முன்னே செல்லவேண்டும். முன்னே வந்தது முன்னே செல்லவேண்டும் என்பதோடு இதனை மயங்கலாகாது. பிந்தி வந்த பெட்டியும் முந்திக் காலாவதியாகக் கூடும். இன்சுலின் போன்றவை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் காக்கப்படவேண்டும்; வழியில் எங்கேனும் அக்குளிர்ச்சி கெடின் மருந்து உருவில் மாறாது நிற்கும், வலிமை மட்டும் குன்றிப்போம். கண்ணால் அறிய இயலாத கேடு ஆதலின் வெப்பநிலைப் பதிவேடே அதற்குக் கண்.

எஞ்சி நிற்கும் குறைகள்

இம்முறையைப் பின்பற்றிக் கேரளம் 2007-இலும் இராஜஸ்தானம் 2011-இலும் தத்தம் கழகங்களை நிறுவின. ஆயினும் இதனைக் குறையற்றது என்று கூறுதல் உண்மையாகாது. விலை மிகக் குறையும்போது வணிகர் சிலர் இடையில் கைவிடுவர். ஒருவரையே நம்பியிருப்பின் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தட்டுப்பாடு தோன்றும். ஆகவே தாழ்ந்த விலைக்கு இசையும் மற்றொருவரையும் உடன் வைத்துக்கொள்ளுதல் நன்று. ஒருமுகக் கொள்முதலின் பிழையும் ஒருமுகமாகவே பரவும் என்பதை மறத்தலாகாது.

மருந்துகள் யாவும் மாநிலக் கழகத்தின் வழியே வருவனவும் அல்ல. காசநோய் மருந்துகள் மத்திய அரசின் திட்டத்தின் வழியாக வருவன. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவ்வழியில் இடையூறு நேர்ந்தபோது, மூன்று மாதத்துக்கு வேண்டியதை மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுமாறு மத்திய அரசு எழுதிற்று. காசநோயாளர் குறைந்தது ஆறு மாதம் இடையறாது மருந்துண்ணல் வேண்டும்; இடையிலே நின்றால் நோய்க்கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அந்நோய் பின்னர் அவர் வீட்டாரையும் பற்றும். ஒரு கிடங்கின் தாமதம் ஒரு குடும்பத்தின் நோயாக முடிவது இவ்வாறே.

முடிவுரை

மருந்துக்கென அரசு செலவிட்ட பணத்துக்குக் கணக்குண்டு, தணிக்கையுண்டு. மருந்து இல்லாமையால் நோயாளி கடையிற் கொடுத்த பணத்துக்கும், வாங்காது திரும்பியவனின் வேதனைக்கும் எந்தக் கணக்கும் இல்லை. அதனாலேயே இல்லாமையைப் பதிவு செய்தல் இருப்பைப் பதிவு செய்தலினும் முதன்மையானது என்று நாம் கருதுகின்றோம். நேர்த்தியான பட்டியல், இரண்டு உறைகள், மறைத்த பெயர், பாஸ் புத்தகம் ஆகிய யாவும் அவ்வுண்மைக் கணக்கின்மேல் கட்டிய மாளிகையே. அடிப்படையில் ஒரு மருந்தாளுநர் அஞ்சி, இல்லாததை உள்ளது என்று எழுதுவாராயின் மேலுள்ள அறிவனைத்தும் வழுவிப்போம். உண்மையை எழுதியவர் கடிந்துரைக்கப்படாதிருத்தலும் மேலதிகாரிகளின் கடமை.

நம் மாணாக்கருள் மருத்துவராவோர் சிலர். கணக்கராகவும் கிடங்கு அலுவலராகவும் அரசின் செயலாளராகவும் ஆவோர் பலர். மருந்தை அருகிருந்து கொடுப்பவரை மருத்துவத்தின் நான்காம் உறுப்பாகக் கொள்ளுதல் பழைய வழக்கு. இந்நாளில் கிடங்கின் கணக்கை எழுதுபவரும், தொகுதியின் மாதிரியை எடுப்பவரும், ஆணையைக் காலத்தில் விடுப்பவரும் அவ்வுறுப்பைச் சேர்ந்தவரே. நோயாளியின் முகத்தைக் காணாத மேசையில் அமர்ந்திருப்பினும், தாம் அவன் அருகில் இருப்பவர் என்னும் நினைவு அவர்க்கு இருக்குமாயின், மருந்து வரும் வழி செவ்விதாகும்.